துருப்பிடித்த கல்பும் தராசும்: தவ்பாவின் நான்காவது நிபந்தனை

‘அஸ்தஃக்ஃபிருல்லாஹ்’ என்று ஒரு நாளைக்கு நாம் எத்தனை தடவை சொல்கிறோம்? ஐவேளைத் தொழுகைக்குப் பின் மும்மூன்று தடவை என்று பார்த்தாலே பதினைந்து ஆகிவிடும். தஸ்பீஹ் மணி உருட்டுபவர்கள் நூறு, இருநூறு என்று போவார்கள். ரமழானின் கடைசிப் பத்தில் அது ஆயிரத்தையும் தாண்டும். நபி (ஸல்) அவர்களே ஒரு நாளைக்கு எழுபது தடவைக்கு மேல் பாவமன்னிப்புத் தேடியதாக ஸஹீஹுல் புகாரியிலும், நூறு தடவை தேடியதாக ஸஹீஹ் முஸ்லிமிலும் அறிவிப்புகள் உள்ளன. எனவே அதிகமாகச் சொல்வது ஸுன்னாதான். அதில் சந்தேகமில்லை.

ஆனால் இவ்வளவு சொல்லியும் உள்ளம் ஏன் இளகுவதில்லை? தக்பீர் கட்டியதும் மனம் ஏன் கடைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் ஓடிவிடுகிறது? குர்ஆன் ஓதக் கேட்கும்போது ஏன் கண் கலங்குவதில்லை?

இந்தக் கேள்வி எனக்குள் நீண்ட காலம் இருந்தது. நான் ஆலிம் அல்லன். ஹட்டன் பகுதியில் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கும் ஓர் ஆசிரியர். உலமாக்கள் எழுதியவற்றிலிருந்தும் அவர்களிடம் நேரில் கேட்டதிலிருந்தும் நான் விளங்கிக் கொண்டதையே இங்கு எழுதுகிறேன். அதை விளங்குவதற்கு எனக்கு இருபத்து மூன்று வருடங்கள் பிடித்தன.

கல்பில் விழும் புள்ளி

உடலில் ஒரு சதைத்துண்டு இருக்கிறது, அது சீராக இருந்தால் முழு உடலும் சீராகும், அது கெட்டால் முழு உடலும் கெட்டுவிடும், அதுதான் உள்ளம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் பயான்களில் பல தடவை கேட்டிருக்கிறோம். நுஃமான் பின் பஷீர் (ரழி) அறிவிக்கும் அந்த ஹதீஸின் முற்பகுதியை மட்டும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அது ஹலாலையும் ஹராமையும், இரண்டுக்கும் இடையில் கிடக்கும் சந்தேகமானவற்றையும் பற்றிப் பேசுகிறது. அதாவது உள்ளத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வார்த்தை, நாம் எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்ற பேச்சின் முடிவில்தான் வருகிறது.

கல்பு எப்படிக் கெடுகிறது என்பதை இன்னொரு ஹதீஸ் விளக்குகிறது. அபூஹுரைரா (ரழி) அறிவிக்க, திர்மிதி, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் அது பதிவாகியிருக்கிறது. ஓர் அடியான் பாவம் செய்தால் அவனது உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. அவன் அதை விட்டு விலகி, மன்னிப்புத் தேடி, தவ்பா செய்தால் உள்ளம் துலக்கப்படுகிறது. மீண்டும் செய்தால் புள்ளி கூடுகிறது, கடைசியில் உள்ளம் முழுவதையும் மூடிவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு, அல்லாஹ் குர்ஆனில் குறிப்பிடும் ‘ரான்’ என்னும் துரு இதுதான் என்று நபியவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அது ஸூரா அல்முதஃப்ஃபிபீனின் 14ஆவது வசனம்.

மலைநாட்டில் வசிப்பவர்களுக்குத் துருவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கூரைத் தகரத்தில் முதலில் ஓர் ஆணித் தலையளவு சிவப்புத்தான் தெரியும். மழையும் மூடுபனியும் விடாத இடத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் சில வருடங்களில் வீட்டுக்குள் வாளி வைக்க வேண்டியதுதான். துரு ஒரே நாளில் பிடிப்பதில்லை, சத்தம் போடுவதும் இல்லை. கல்பும் அப்படித்தான். முதல் தடவை பொய் சொல்லும்போது நெஞ்சு படபடக்கிறது. பத்தாவது தடவை படபடப்பதில்லை. படபடப்பு நின்றதை நாம் நிம்மதி என்று நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் துரு கூடிவிட்டது.

தராசில் தொடங்கும் ஸூரா

கல்பின் துருவைச் சொல்லும் அந்த வசனம் எந்த ஸூராவில் இருக்கிறது என்பதை நான் பல தடவை ஓதியும் கவனித்ததில்லை. ‘முதஃப்ஃபிபீன்’ என்றால் அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்கள். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்றே அந்த ஸூரா தொடங்குகிறது. மகத்தான ஒரு நாளில் எழுப்பப்படுவோம் என்று அவர்கள் எண்ணுவதில்லையா என்று அடுத்துக் கேட்கிறது. பின்னர் பாவிகளின் செயல்கள் எழுதப்பட்ட ஏட்டைப் பற்றிச் சொல்கிறது. அதன் பிறகுதான் துரு வருகிறது.

14ஆவது வசனம் நேரடியாகப் பேசுவது மறுமை நாளைப் பொய்ப்பிப்பவர்களைப் பற்றித்தான். ஆனால் நபியவர்கள் அதை ஈமான் கொண்டவரின் பாவத்துக்கும் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். அந்த வசனத்தின் சொற்கள், அவர்கள் ‘சம்பாதித்துக் கொண்டிருந்தவை’ உள்ளங்களில் துருவாகப் படிந்தன என்ற கருத்தைத் தருகின்றன. தராசில் தொடங்கிய பேச்சு, சம்பாத்தியத்தின் வழியாக, கல்பில் வந்து நிற்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் அளவை விடயத்தில் மிகவும் மோசமானவர்களாக இருந்தார்கள் என்றும், இந்த வசனங்கள் இறங்கிய பின் அவர்கள் அளவையைச் சீராக்கிக் கொண்டார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அறிவித்ததாக இப்னு மாஜாவில் உள்ளது. ஓர் ஊரே செய்த தவ்பாவாக நான் இதைப் பார்க்கிறேன். அந்த தவ்பா நாவோடு நிற்கவில்லை. சந்தைத் தராசில் தெரிந்தது.

எங்கள் பகுதியில் தராசு என்றால் கடைத் தராசு மட்டுமல்ல. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசும் இருக்கிறது. முதுகில் கூடையோடு மலையேறி இறங்கிய ஒரு பெண்ணின் அன்றைய நாள் அந்தத் தராசின் முள்ளில்தான் முடிவாகிறது. கூடைக்கு, ஈரத்துக்கு என்று கிலோக்கள் கழிக்கப்படுவது பற்றிய முறைப்பாடு மலையகத்தில் பழையது. அதே பெண் அந்தக் கூலியை எடுத்துக் கொண்டு சம்பள நாளில் பஸாருக்கு வருகிறாள். அங்கே கணிசமான கடைகள் நம்முடையவை. காலையில் ஒரு தராசு, மாலையில் ஒரு தராசு. இரண்டாவது தராசைப் பற்றிப் பேச நமக்குக் கடமை இருக்கிறது.

எட்டுக் கொப்பிகள்

அல்லாஹ் மறைத்து வைத்த பாவத்தைத் தானே வெளியில் சொல்லித் திரிவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. இரவில் செய்ததைக் காலையில் தானே பிறருக்கு வெளிப்படுத்துபவரை நபியவர்கள் கண்டித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அதனால் இதை எழுதலாமா என்று தயங்கி, எனக்கு மார்க்கம் சொல்லித் தரும் மௌலவியிடம் கேட்டேன். “பெருமையாகச் சொல்வது வேறு, பிறருக்குப் படிப்பினையாக, எவருடைய மானத்துக்கும் பங்கம் வராமல் சொல்வது வேறு. உரியவர்களிடம் நீங்கள் ஏற்கெனவே போய்விட்டீர்கள். யாருடைய பெயரும் வராமல் எழுதுங்கள்” என்றார். அதனால் எழுதுகிறேன்.

1999ஆம் ஆண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போவதற்கு முன் சில மாதங்கள் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினேன். தோட்டத்து ஆட்களுக்கு அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் கடனுக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. சம்பளம் போட்டதும் வந்து கொப்பியைப் பார்த்துக் கட்டிவிட்டுப் போவார்கள். பார்த்து என்றால், நான் பார்த்துச் சொல்வேன், அவர்கள் கட்டுவார்கள்.

ஒரு மாதம் என் கையில் இருந்த காசில் 640 ரூபா குறைந்தது. யாருக்கோ மீதிக் காசு கூடக் கொடுத்திருப்பேன். முதலாளி நல்ல மனிதர். சொல்லியிருந்தால் என் சம்பளத்தில் கழித்துக் கொள்ளச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். எனக்கு அதுவும் மனமில்லை. வாசிக்கத் தெரியாத எட்டுப் பெண்களின் கொப்பிகளை எடுத்தேன். ஆளுக்கு 80 ரூபாவாக, ஒன்றில் இரண்டு கிலோ மா, ஒன்றில் சீனி, ஒன்றில் சவர்க்காரம் என்று வாங்காத பொருட்களை எழுதினேன். அன்று தோட்டத்தில் நாட்கூலி நூறு ரூபாவை ஒட்டித்தான் இருந்தது.

அவர்களில் ஒருவர் மட்டும் தொகையைச் சொன்னதும் சற்று நேரம் கொப்பியைப் பார்த்துக் கொண்டு நின்றார். பிறகு, “தம்பி எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து எண்ணி வைத்தார்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் நான் அழுதேன், இஸ்திஃக்ஃபார் செய்தேன். இனி இப்படிச் செய்வதில்லை என்று உறுதி எடுத்தேன். அந்த உறுதியை அல்லாஹ்வின் உதவியால் காப்பாற்றியும் இருக்கிறேன். ஆகவே என் தவ்பா முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அந்த வாசகம் என்னை விடவில்லை. ஆசிரியராகி, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போதெல்லாம் அது காதில் கேட்கும். நான் அதை ஷைத்தானின் ஊசலாட்டம் என்று நினைத்து அஊது ஓதினேன். அது ஷைத்தானின் குரலல்ல என்பது பிறகுதான் விளங்கியது. அது ஒரு ஹக்கின் குரல்.

நான்காவது நிபந்தனை

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் மாபெரும் அறிஞர்களில் ஒருவர் இமாம் நவவி (ரஹ்). 1277இல் வபாத்தானவர். நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் இருக்கும் ரியாளுஸ் ஸாலிஹீன் அவரது தொகுப்பு. அதில் தவ்பா பற்றிய பாடத்தின் தொடக்கத்திலேயே அவர் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறார். பாவம் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் மட்டும் இருந்தால் நிபந்தனைகள் மூன்று: அந்தப் பாவத்தை விட்டுவிட வேண்டும், செய்ததற்காக வருந்த வேண்டும், இனி ஒருபோதும் திரும்புவதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும். மனிதர் ஒருவரின் உரிமை அதில் சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவது ஒன்று சேர்ந்துவிடுகிறது. உரியவரின் ஹக்கிலிருந்து விடுபட வேண்டும். பொருளாக இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். புறம் பேசியிருந்தால் அவரிடம் ஹலால் கேட்க வேண்டும்.

நான் மூன்றைச் செய்துவிட்டு நான்கும் முடிந்ததாக நினைத்திருந்தேன். நம்மில் பலரும் இப்படித்தான் இருக்கிறோம் என்பது என் எண்ணம். அழுவது கஷ்டமில்லை. தஸ்பீஹ் உருட்டுவதும் கஷ்டமில்லை. ஒருவர் முன்னால் போய் நின்று, “உங்களுடைய இது என்னிடம் இருக்கிறது” என்று சொல்வதுதான் கஷ்டம். அதனால் கஷ்டமானதை விட்டுவிட்டு இலேசானதை இரண்டு மடங்காகச் செய்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு ஞாயமான கேள்வி வரும். அல்லாஹ் எல்லாப் பாவங்களையும் மன்னிப்பவன் அல்லவா? அவன் அருளில் நிராசை அடைய வேண்டாம் என்று ஸூரா அஸ்ஸுமரின் 53ஆவது வசனம் அடியார்களை அழைக்கவில்லையா? நிச்சயமாக. தவ்பாவின் கதவு விசாலமானது. நூறு உயிர்களைக் கொன்றவர் தவ்பா நாடிப் புறப்பட்டு வழியிலேயே மரணித்தபோது ரஹ்மத்துடைய மலக்குகள் அவரைப் பொறுப்பேற்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பாலைவனத்தில் உணவோடும் நீரோடும் தொலைந்த ஒட்டகத்தைத் திரும்பக் கண்டவனின் மகிழ்ச்சியை விட, அடியானின் தவ்பாவில் அல்லாஹ் அதிகம் மகிழ்கிறான் என்றும் நபியவர்கள் கற்றுத் தந்தார்கள்.

ஆனால் அதே நபியவர்கள்தான், ஷஹீதின் எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்றும் சொன்னார்கள். தன் சகோதரருக்கு மானத்திலோ வேறு எதிலோ அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் இல்லாத நாள் வருமுன் இன்றே அதைத் தீர்த்துக் கொள்ளட்டும் என்றும் எச்சரித்தார்கள். தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மஹ்ஷருக்கு வந்து, ஏசியதற்கும் அடித்ததற்கும் பிறர் பொருளைத் தின்றதற்கும் நன்மைகளைப் பிரித்துக் கொடுத்தே முடிந்து, கடைசியில் பிறர் பாவங்களைச் சுமப்பவனைத்தான் அவர்கள் ‘முஃப்லிஸ்’, வங்குரோத்தானவன் என்றார்கள். அல்லாஹ்வின் மன்னிப்பு விசாலமானது. ஆனால் அவன் நீதியாளன். ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் 80 ரூபாவை அவளைக் கேட்காமல் எனக்கு விட்டுக்கொடுக்குமாறு அவனிடம் நான் எதிர்பார்த்தேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் பக்தாதின் நிழாமிய்யாவில் தனக்கிருந்த பெரும் பதவியை விட்டுப் புறப்பட்டவர். அவருடைய இஹ்யா உலூமித்தீன் நாற்பது பாகங்கள் கொண்டது. ஈடேற்றம் தரும் விடயங்களைப் பேசும் அதன் இறுதிக் காற்பகுதி தவ்பாவில்தான் தொடங்குகிறது. மனிதர்களுக்குச் செய்த அநீதிகளைப் பற்றி அவர் அங்கே சொல்லும் வழி மிக நடைமுறையானது. வாழ்வின் தொடக்கம் முதல் தவ்பா செய்யும் நாள் வரை சல்லிச் சல்லியாகக் கணக்குப் பார்க்க வேண்டும், தான் அநீதி செய்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்கிறார். இது அநியாயக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் மிகக் கடினம், ஏனெனில் அவர்கள் கையாண்ட எல்லோரையும் தேடிப் பிடிக்க முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. முடியாதவர் நற்செயல்களைப் பெருக்கிக் கொள்ள வேண்டும் என்கிறார். கொப்பியில் செய்த பாவத்துக்கு இன்னொரு கொப்பிதான் பரிகாரத்தின் தொடக்கம் என்று எனக்குப் பட்டது.

லயத்துக்குப் போன நாள்

2022 ஏப்ரல். ரமழான் மாதம். நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்தது. மின்வெட்டு, எரிவாயு வரிசை, நாளுக்கொரு விலை. அதற்கு முந்திய வருடம்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி நீண்ட போராட்டத்துக்குப் பின் 1000 ரூபாவாகியிருந்தது. ரொட்டிதான் தோட்டத்துச் சாப்பாடு. கோதுமை மாவின் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் இஃப்தாருக்குச் சாமான் வாங்கப் போன கடையில், ஒரு வயதான பெண் ஒரு கிலோ மா கேட்டுவிட்டு, விலையைக் கேட்டதும் அரைக் கிலோவாகக் குறைக்கச் சொன்னார். நான் பேரீச்சம்பழப் பொதியைக் கையில் வைத்துக் கொண்டு பக்கத்தில் நின்றேன். இரண்டு கிலோ மா என்று நான் எழுதிய கொப்பி ஞாபகத்துக்கு வந்தது.

அன்றிரவு தராவீஹுக்குப் பின் மௌலவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்று விடயங்களைத் தெளிவாக்கினார். முதலாவது, அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதால் ஹக் குறைந்துவிடாது. உடன்படிக்கையில் வாழும் முஸ்லிமல்லாத ஒருவருக்கு அநீதி செய்பவருக்கு எதிராக மறுமையில் நானே வாதாடுவேன் என்று நபியவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது என்று நினைவூட்டினார். யாருடைய ஷஃபாஅத்தை நம்பி இருக்கிறோமோ அவரே எதிர்த்தரப்பில் நிற்பதென்றால் நம் நிலை என்ன? இரண்டாவது, உரியவர் மரணித்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். மூன்றாவது, தேடியும் கிடைக்காவிட்டால் அவர் சார்பில் ஸதகா கொடுக்கலாம். பின்னர் அவரைக் கண்டால் விடயத்தைச் சொல்ல வேண்டும். அவர் தன் பணத்தைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

80 ரூபாவை 80 ரூபாவாகவே கொடுப்பதா என்றும் கேட்டேன். கடனை அதே தொகையில் திருப்பினால் சட்டப்படி நிறைவேறும், ஆனால் நபியவர்கள் தாம் கடனாகப் பெற்ற ஒட்டகத்தை விடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நீங்களே யோசியுங்கள் என்றார். நான் எடுத்தது ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு. ஒரு நாட்கூலியாகவே கொடுக்க முடிவு செய்தேன். எட்டுப் பேருக்கு 8000 ரூபா. இருபத்து மூன்று வருடங்களாக என்னைத் தடுத்தது பணமல்ல, வெட்கம்தான் என்பதை அந்தத் தொகை எனக்குக் காட்டியது.

எட்டுப் பேரில் ஐவர் அதே தோட்டத்தில் உயிரோடு இருந்தார்கள். கொப்பியைப் பார்த்துக் கொண்டு நின்ற அந்த அம்மாவின் லயத்துக்கு முதலில் போனேன். ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு இருந்தார். யாரென்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எழுத்துத்தான் தம்பி தெரியாது. கணக்கு தெரியும். அன்னைக்கே தெரியும்.”

“ஏன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை?”

“கேட்டா அடுத்த மாசம் யார் அரிசி கடன் குடுப்பாங்க?”

இதைவிடக் கடினமான வார்த்தையை நான் எந்தப் பயானிலும் கேட்டதில்லை. அவருடைய மௌனத்தை நான் இத்தனை வருடமும் நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அது பயம். ஏழைகளின் மௌனத்தை நாம் சம்மதமென்று எடுத்துக் கொள்கிறோம். வேலைக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கடைப் பொடியன் ஒன்றும் கேட்கவில்லை, தங்கை காணியில் பங்கு கேட்கவில்லை, அதனால் ஹலால் என்கிறோம். கேட்காமல் இருப்பது வேறு, மனதால் விட்டுக்கொடுப்பது வேறு.

அவர் காசை வாங்கிக் கொண்டார். “சரி, போகட்டும் விடுங்க. பெரிய மனுசனாகி வந்து சொல்றீங்களே” என்றார். பிளேன்டீ ஊற்றித் தந்தார். நோன்பு என்றேன். “அப்போ இதைக் கொண்டுபோங்க” என்று தோட்டத்தில் காய்த்த இரண்டு சௌசௌக்காயைப் பையில் போட்டார்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. இறந்துவிட்ட இருவரில் ஒருவரின் மகன், நான் சொன்னதை வாசலில் நின்றே கேட்டார். காசை வாங்கிக் கொண்டு, “எங்கம்மா இருக்கும்போதே வந்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மன்னித்தாரா என்பது எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை. எட்டாமவர் மகளோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். விசாரித்தும் கிடைக்கவில்லை. அவர் சார்பில் அதே தோட்டத்துப் பிள்ளையொருவருக்குப் பாடசாலைக் கொப்பிகள் வாங்கிக் கொடுத்தேன். அவரைக் கண்டால் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு இன்னும் இருக்கிறது.

தாமதிக்கும் தவ்பாவின் விலை இதுதான். அல்லாஹ்வின் கதவு உயிர் தொண்டைக்குழியை அடையும் வரை திறந்திருக்கும். ஆனால் மனிதர்களின் கதவுகள் அப்படியல்ல. அவர்கள் இடம் மாறுகிறார்கள், மரணிக்கிறார்கள்.

நாம் எங்கே தொடங்குவது?

முதலில், ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள். கடன், அமானிதம், பங்காளியின் பணம், வாரிசுச் சொத்தில் சகோதரிகளின் பங்கு, வேலையாளின் கொடுக்காத சம்பளம், வாடகை முற்பணம், நிறுவையில் குறைத்தது. அரச உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் தம் பக்கத்தையும் எழுத வேண்டும். கையொப்பமிட்டுவிட்டுப் படிப்பிக்காத பாடவேளைக்குச் சம்பளம் வாங்கியிருந்தால், அந்த ஹக் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுடையது. என் கொப்பியில் அதுவும் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க இப்போது மாலை வகுப்பு எடுக்கிறேன், கட்டணமில்லாமல்.

இரண்டாவது, மூன்று வகையாகப் பிரியுங்கள். இன்றே கொடுக்கக் கூடியவை, தவணை போட்டுக் கொடுக்கக் கூடியவை, ஆளைத் தேட வேண்டியவை. ஒரேயடியாகத் தீர்க்க வசதியில்லாதவர் உரியவரிடம் போய் உண்மையைச் சொல்லி அவகாசம் கேட்கலாம். தீர்க்கும் எண்ணத்தோடு அந்தப் பாதையில் மரணிப்பவருக்கு, நூறு பேரைக் கொன்றவரின் செய்தியில் நல்ல ஆதரவு இருக்கிறது.

மூன்றாவது, மானம் சம்பந்தப்பட்டவற்றில் நிதானம் தேவை. நீங்கள் ஒருவரைப் பற்றிப் புறம் பேசியது அவருக்கே தெரியாதென்றால், போய்ச் சொல்வதால் புதிய பகை மூளுமென்றால், சொல்லாமலே அவருக்காக துஆச் செய்து, எந்தச் சபையில் இழிவாகப் பேசினோமோ அதே சபையில் அவருடைய நல்லதைப் பேசும்படி உலமாக்கள் பலர் வழிகாட்டியிருக்கிறார்கள். குடும்பங்களைப் பாதிக்கும் இரகசியங்களை, ஓர் ஆலிமிடம் கேட்காமல் எவரும் உடைத்துவிடக் கூடாது. அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலான பாவங்களை அவனிடம் மட்டுமே சொல்லி அழ வேண்டும்.

நான்காவது, கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசிக்கத் தெரியாத வாடிக்கையாளரின் கொப்பியை அவர் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் இன்று படிக்கிறார்கள். தராசின் முகத்தை வாங்குபவர் பக்கம் திருப்பி வையுங்கள். உங்கள் மீது சந்தேகம் இருப்பதற்காக அல்ல. கேட்கப் பயந்தவரும் பார்த்துக் கொள்ளட்டும் என்பதற்காக.

இவ்வளவையும் செய்தபின் கல்பு துலங்கிவிட்டதா என்று கேட்பீர்கள். ஒரே நாளில் ஒளி பாய்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொழுகையில் ஸூரா அல்முதஃப்ஃபிபீன் ஓதப்படும்போது முன்பெல்லாம் என் மனம் வேறெங்காவது ஓடிவிடும். ஏன் ஓடியது என்று இப்போது தெரிகிறது. இப்போது நின்று கேட்கிறது. வலிக்கவும் செய்கிறது. துரு விட்ட இடத்தில்தான் வலி தெரியும்.

செல்வமோ பிள்ளைகளோ பயன் தராத நாளில், ‘கல்புன் ஸலீம்’ எனும் பழுதற்ற உள்ளத்தோடு வருபவர்தான் ஈடேற்றம் பெறுவார் என்று ஸூரா அஷ்ஷுஅராவின் 88, 89ஆம் வசனங்கள் அறிவிக்கின்றன. அந்த உள்ளத்துக்கான வழி பள்ளிவாசல் விரிப்பில் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அது எழுந்து, செருப்பை மாட்டிக் கொண்டு, பஸாரைக் கடந்து, யாரோ ஒருவரின் வாசலுக்குப் போகச் சொல்கிறது.

அவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்விடுங்கள். யா அல்லாஹ், எங்கள் மீதுள்ள பிறர் ஹக்குகளை நாங்கள் உன்னைச் சந்திக்கு முன் தீர்த்துவிட வழிசெய்வாயாக. எங்கள் கல்புகளின் துருவை நீக்கி, உண்மையான தவ்பாவைத் தருவாயாக. ஆமீன்.